உங்கள் உடலில் இப்போது மணி எத்தனை?

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் சென்றிருக்கிறீர்களா, மாணவர்களே? பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்த அந்தப் பூங்காவில், சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளைகளை நீட்டிக்கொண்டு பெரிய பெரிய மழைமரங்கள் நிற்கும். தமிழில் அந்த மரத்துக்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். மாலையானதும் இலைகளை மடித்துக்கொண்டு 'தூங்கி' விடுவதால் வந்த பெயர் அது. மலாய்க்காரர்கள் இன்னும் துல்லியமாக 'புக்குல் லீமா' என்று பெயர் வைத்தார்கள். அதாவது ஐந்து மணி மரம்!

ஆனால் இன்று மாலை 5 மணிக்கு வெளியே எட்டிப் பாருங்கள். வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கும். மரத்துக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நகர்ந்தது நம் கடிகாரம்தான். 1905-இல் மலாயாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் கூடுதலாக இருந்தது. பிறகு 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் நாடு முழுவதும் தோக்கியோ நேரம் நடந்தது. போர் முடிந்ததும் பழையபடி ஏழரை மணி நேரம். கடைசியாக 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியா சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வந்தது; கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. ஆக, 1905-ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் 5 மணி இன்றைய 6 மணி. மரம் சூரியனைப் பார்க்கிறது. நாம் சுவரைப் பார்க்கிறோம்.

அறிவியல் பக்கத்தில் ஏன் இந்த வரலாற்றுக் கதை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இப்போது உங்களில் பலர் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவைத் திறந்து, "எஸ்.பி.எம். தேர்வுக்கு எனக்கு ஒரு படிப்பு அட்டவணை போட்டுக் கொடு" என்று கேட்கிறீர்கள். "என் தெம்புக்கு ஏற்ற மாதிரி போடு" என்று சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. சில விநாடிகளில் அழகான அட்டவணை வந்துவிடும். காலை 5 மணிக்கு எழு, 9 முதல் 11 வரை கடினமான பாடம், பிற்பகல் 2 மணிக்கு இலகுவான வேலை, இரவு 8 மணிக்கு மீள்பார்வை. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காலை 9 முதல் 11 வரை நீங்கள் வகுப்பறையில் அல்லவா இருப்பீர்கள்? அந்த அட்டவணை உங்களுக்காகப் போடப்பட்டதல்ல. எங்கோ அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான அறிவுரைகளின் சாரம் அது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று, தான் பயின்ற ஏராளமான எழுத்துகளைக் கொண்டு கணிக்கிறது. உங்கள் நாடித் துடிப்பு அதற்குத் தெரியாது. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று தெரியாது. நீங்கள் சொன்னால் மட்டுமே தெரியும். எனவே 'தெம்புக்கு ஏற்ற அட்டவணை' வேண்டுமென்றால், அந்தத் தெம்பை அளந்து கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. (இயற்பியல் வகுப்பில் ஆற்றலை ஜூல் அலகில் அளப்போம். இங்கே நான் சொல்வது அந்த ஆற்றல் அல்ல. மூளை விழிப்பாக இருக்கிறதா, வேலை ஓடுகிறதா என்பதைத்தான் தெம்பு என்கிறேன்.)

இருட்டிலும் நேரம் பார்க்கும் செடி

முதலில் தெம்பு ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம்.

1729-இல் பிரெஞ்சு அறிஞர் டி மாய்ரான் ஓர் எளிய சோதனை செய்தார். பகலில் இலை விரித்து இரவில் மூடும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை எடுத்து, வெளிச்சமே படாத இடத்தில் வைத்தார். பள்ளித் திடல் ஓரத்தில் நீங்கள் காலால் சீண்டிவிட்டுப் போவீர்களே, அந்த 'செமாலு' வகைதான். சூரியனைப் பார்க்காமலே அந்தச் செடி பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. அதாவது அதன் உள்ளே ஏதோ ஒன்று நேரம் கணக்கிடுகிறது.

மனிதரிடமும் அதே கதைதான். 1938-இல் அமெரிக்க அறிஞர் நத்தானியேல் கிளைட்மன் தம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள் 32 நாள் வாழ்ந்தார். ஒரு நாளுக்கு 24 மணி அல்ல, 28 மணி என்று வைத்துக்கொண்டு உடலை ஏமாற்றிப் பார்ப்பது திட்டம். இளைஞரான ரிச்சர்ட்சன் ஓரளவு பழகிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடலோ கடைசி வரை 24 மணிக் கணக்கை விடவில்லை. 1962-இல் பிரான்ஸின் மிஷேல் சிஃப்ர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்!

அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி. அந்தச் செல்களுக்குள் சில மரபணுக்கள் புரதத்தை உருவாக்குகின்றன. புரதம் பெருகியதும் அதுவே திரும்பி வந்து தன் மரபணுவின் வேலையை நிறுத்துகிறது. புரதம் சிதைந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள். வகுப்பில் எதிர்மறைப் பின்னூட்டம் என்று படித்தீர்களே, அதேதான். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கல் ரோஸ்பாஷ், மைக்கல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி அல்ல, சராசரியாக 24 மணியும் சில நிமிடங்களும். எனவே அதை ஒவ்வொரு நாளும் திருத்த வேண்டும். திருத்துவது வெளிச்சம், குறிப்பாக 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி. காலை வெயில் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. இரவு நேர வெளிச்சம் பின்னே தள்ளுகிறது.

இது ஒரு பாதி. மறு பாதி தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூங்கும்போது குறைகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் நம் விழிப்பைத் தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தைச் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்தார். நம் கடிகாரம் மாறிய அதே ஆண்டு என்பது தற்செயல்தான்.

பிற்பகல் 2, 3 மணிக்குக் கண் செருகுவது இதனால்தான். நாசி லெமாக் மேல் பழி போடாதீர்கள், மதியம் சாப்பிடாதவர்களுக்கும் அந்தச் சரிவு வருகிறது. இரவு 8, 9 மணிக்குத் திடீரென்று தெளிவு வருவதும் இதனால்தான். நாள் முழுவதும் சேர்ந்த தூக்க அழுத்தத்தை எதிர்த்து, உள்கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் இன்னும் பின்தங்கி ஓடுகிறது. மெலட்டோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குகிறது. தூக்க அழுத்தமும் சிறுவர்களைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. இரவு 11 மணிக்கும் உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் கைப்பேசி ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமல்ல. வீட்டில் திட்டு வாங்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பலன் கிடைக்கும் என்று நான் உறுதி தர முடியாது.

4 மணிக்கு எழுப்பும் அம்மா

இப்போது தைப்பிங் மரத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். ஒரு சிறு கணக்கு. பூமி 15 பாகை சுழல 1 மணி நேரம் ஆகிறது. கோலாலம்பூர் 101.7 பாகை கிழக்கில் இருக்கிறது. அதை 15-ஆல் வகுத்தால் 6.78, அதாவது 6 மணி 47 நிமிடம். ஆனால் நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. வித்தியாசம் 1 மணி 13 நிமிடம். பினாங்கில் இது இன்னும் சில நிமிடம் கூடுதல். சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் 1 மணி 5 நிமிடம். கோத்தா கினாபாலுவில் வெறும் 16 நிமிடம்!

அதாவது, கோலாலம்பூரில் 7.30-க்குப் பள்ளி மணி அடிக்கும்போது சூரியக் கணக்கில் நேரம் 6.17. பேருந்தைப் பிடிக்க நீங்கள் 5.30-க்கு எழுந்தால் அது 4.17. தேர்வுக் காலத்தில் அம்மா அன்போடு 4 மணிக்குத் தட்டி எழுப்புகிறாரே, அது 2.47.

விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிரம்ம முகூர்த்தம் என்பதே கடிகாரத்தை வைத்துச் சொன்னதல்ல. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது. கோலாலம்பூரில் சூரியன் 7.10-க்கு உதிக்கும் ஒரு நாளில் அது 5.34 முதல் 6.22 வரை. எனவே சாஸ்திரப்படி பார்த்தாலும் 4 மணி சீக்கிரம்தான். அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை: 5.30-க்கு எழ வேண்டுமென்றால் அதற்கு எட்டு மணி நேரம் முன்பே, அதாவது 9.30-க்கே தூங்கியிருக்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை ஒருவருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. எட்டு என்பது அதில் குறைந்த அளவு.

இன்னொன்று. நம் பள்ளிகள் பலவற்றில் படிவம் 1, 2 மாணவர்கள் பிற்பகல் பள்ளிக்குச் சென்று, படிவம் 3-இல் காலைப் பள்ளிக்கு மாறுகிறார்கள். கடிகாரம் பின்னே நகரத் தொடங்கும் அதே வயதில் பள்ளி நேரம் முன்னே வருகிறது! படிவம் 3-இன் முதல் மாதங்களில் காலை வகுப்பில் தலை தொங்குகிறது என்றால் அதை உடனே சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் அறையில் நானும் இதைச் சொல்வதுண்டு.

பள்ளி நேரத்தை மாற்றினால் என்ன ஆகும்? சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016-இல் தன் தொடக்க நேரத்தை 7.30-இலிருந்து 8.15-க்கு மாற்றியது. டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் மாணவிகளைக் கண்காணித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின், அவர்கள் படுக்கையில் செலவிட்ட நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. 45 நிமிடம் கொடுத்தால் 45 நிமிடமும் தூக்கமாக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பகுதி, வழக்கத்தைவிடத் தாமதமாகப் படுப்பதில் போனது. கிடைத்த நேரத்தை என்ன செய்கிறோம் என்பது அப்போதும் நம் கையில்தான் இருக்கிறது.

அளப்பது எப்படி?

பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பள்ளி முடிந்த பின் கிடைக்கும் நாலைந்து மணி நேரத்தையும் சனி, ஞாயிறையும்தான் நீங்கள் நகர்த்த முடியும். அதற்குத்தான் இந்தச் சோதனை.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். 14 நாளுக்கு, ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை: எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, பள்ளி இடைவேளையில், பிற்பகல் 3 மணிக்கு, மாலை 6 மணிக்கு, இரவு 8 மணிக்கு. ஒவ்வொரு வேளையும் உங்கள் தெம்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுங்கள். அதோடு தூங்கிய நேரம், எழுந்த நேரம், தே தாரிக்கோ காப்பியோ குடித்த நேரம், அன்று டியூஷனோ புறப்பாட நடவடிக்கையோ இருந்ததா என்பதையும் எழுதுங்கள். தே தாரிக்கை ஏன் சேர்க்கச் சொல்கிறேன்? காஃபீன், அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. அழுத்தம் அப்படியே இருக்கும், தெரியாமல் மட்டும் போய்விடும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் ஏறத்தாழப் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நம் தெம்பை நாமே மதிப்பிடுவது அவ்வளவு நம்பகமானதல்ல. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ 4 மணி நேரமோ மட்டும் தூங்கவிட்டார்கள். அவர்களுடைய கவனத் திறன் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஒன்றிரண்டு இரவு முழுவதும் தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்று கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பின் அவர்கள் கொடுத்த எண் பெரிதாக மாறவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். மூளை பழகவில்லை. "நான் 5 மணி நேரம் தூங்கினாலே போதும், சார்" என்று சொல்லும் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

எனவே எண்ணோடு ஓர் அளவையும் சேர்ப்போம். 30 சென்டிமீட்டர் அடிக்கோல் போதும். தம்பியையோ தங்கையையோ அடிக்கோலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழ் நுனியில், சுழி காட்டும் இடத்தில், உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் எத்தனை சென்டிமீட்டர்? தானே விழும் பொருள் கடக்கும் தூரம் என்பது ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. அந்தக் கணக்கின்படி 15 சென்டிமீட்டர் என்றால் 0.175 விநாடி, 20 சென்டிமீட்டர் என்றால் 0.202 விநாடி. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை போதும். சோதனையின் முதல் இரண்டு நாள் எண்களைச் சேர்க்க வேண்டாம். பழகப் பழகக் கை வேகமாகிவிடும், அதைத் தெம்பு என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் எண் 4 என்று சொல்லி, அடிக்கோல் வழக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாக விழுந்தால், எதை நம்புவீர்கள்? நான் அடிக்கோலை நம்புவேன்.

இப்போது கருவியிடம் போகலாம்

இரண்டு வாரம் முடிந்ததும் அந்த எண்களைத் தட்டச்சு செய்து செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாம். பெயர், அடையாள அட்டை எண், பள்ளிப் பெயர், நோய் விவரம் எதையும் சேர்க்காதீர்கள். அட்டவணைக்கு அவை தேவையே இல்லை. பல கருவிகளைப் பயன்படுத்த வயது வரம்பும் பெற்றோர் அனுமதியும் உண்டு. வீட்டில் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நான் படிவம் 4 மாணவி. கீழே 14 நாள் குறிப்பு இருக்கிறது. பள்ளி நாள், விடுமுறை நாள், டியூஷன் உள்ள நாள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொரு வேளைக்கும் சராசரி கண்டுபிடி. ஒவ்வொரு சராசரியும் எத்தனை எண்களிலிருந்து வந்தது என்று எழுது. குறிப்பில் இல்லாத எதையும் ஊகிக்காதே. என் தூக்கம் 8 மணி நேரத்துக்குக் கீழே போகும் எந்தத் திட்டமும் தராதே."

பிரித்துக் கணக்கிடு என்று ஏன் சொல்ல வேண்டும்? ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை டியூஷன், புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை. இரண்டு வாரத்தில் அப்படி நான்கு நாள். அந்த நாள்களில் இரவு 8 மணிக்கு அவர் எழுதிய எண்கள் 2, 1, 2, 2. மீதிப் பத்து நாளில் 4, 4, 3, 4, 4, 5, 4, 3, 4, 4. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் 46-ஐ 14-ஆல் வகுத்து 3.3 வரும். "இரவு 8 மணிக்கு உங்கள் தெம்பு நடுத்தரம்" என்று கருவி சொல்லிவிடும். உண்மையில் நடுத்தரமான நாள் அவருக்கு மிகக் குறைவு. நான்கு நாள் சராசரி 1.75, பத்து நாள் சராசரி 3.9. அவருக்கு இரண்டு வகையான இரவுகள் இருக்கின்றன. பத்து இரவுகளில் 8 மணிக்குக் கூடுதல் கணிதத்தைத் தாராளமாக வைக்கலாம். டியூஷன் நாளில் வைத்தால் ஒரு பக்கம்கூட நகராது. அன்று அறிவியல் வரைபடங்களைப் பார்ப்பதோ, மறுநாள் பையை அடுக்கிவிட்டுச் சீக்கிரம் படுப்பதோ போதும்.

கருவி தரும் சராசரிகளில் இரண்டையாவது கால்குலேட்டரில் போட்டுச் சரிபாருங்கள். சொற்களைக் கணிப்பதற்காக உருவான கருவி கூட்டலில் தவறுவது உண்டு. தவறினாலும் குரல் மாறாது. அதே உறுதியோடுதான் சொல்லும். இன்னொரு வலை, குறைந்த எண்கள். சனிக்கிழமைக் காலை என்றால் உங்களிடம் இருப்பதே இரண்டு எண்கள்தான். "சனிக்கிழமைக் காலைதான் உங்கள் பொன்னான நேரம்" என்று அது சொன்னால், "இரண்டே எண்களை வைத்தா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வேறு இரண்டு சொற்களைக் கண்டாலும் எச்சரிக்கையாகுங்கள். ஒன்று, 'பயோரிதம்'. பிறந்த நாளிலிருந்து 23, 28, 33 நாள் சுழற்சி என்று கணக்குப் போட்டு நல்ல நாள், கெட்ட நாள் சொல்வது. அதற்கும் நோபல் பரிசு பெற்ற உடல் கடிகார ஆய்வுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இன்னொன்று, "90 நிமிடம் படி, பிறகு ஓய்வெடு". தூக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடச் சுழற்சி இருப்பது உண்மை. விழித்திருக்கும்போதும் அது அப்படியே தொடரக்கூடும் என்று நம் குகை மனிதர் கிளைட்மன் எண்ணினார். ஆனால் அதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. இடைவேளை நல்லது என்பதற்கு மட்டும் நல்ல சான்று உண்டு. டென்மார்க் பள்ளித் தேர்வுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், தேர்வு ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் மதிப்பெண் சற்றே குறைந்தது. 20 முதல் 30 நிமிட இடைவேளைக்குப் பின் மீண்டும் ஏறியது. உங்களுக்கு 40 நிமிடமா 60 நிமிடமா என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சராசரி எடுப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை. குறிப்பேடும் கால்குலேட்டரும் போதும். அது உண்மையில் உதவுவது வேறோர் இடத்தில். செவ்வாய்க்கிழமை டியூஷன் திடீரென்று ரத்தாகிறது, வியாழக்கிழமை தீபாவளிக் கடைவீதிக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், வெள்ளிக்கிழமை வேதியியல் சோதனை. இப்படி எல்லாம் கலைந்துபோகும்போது, அரை மணி நேரம் உட்கார்ந்து அட்டவணையைத் திரும்ப எழுதுவதற்குப் பதிலாக, "என் நிபந்தனைகள் இவை, மீதியை மாற்றிப் போடு" என்றால் உடனே போட்டுத் தரும். கலைந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வாரம் ஒன்றும் படிக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சென்னைக்கு ஒரு பயணம்

உங்கள் குறிப்பிலிருந்து இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பள்ளி நாளில் இரவு 11.30-க்குத் தூங்கி 5.30-க்கு எழுகிறீர்கள் என்றால் தூக்கத்தின் நடுப்புள்ளி 2.30. சனி, ஞாயிறில் 1 மணிக்குத் தூங்கி 9 மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி 5 மணி. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் உள்ள நேர வித்தியாசமும் அதேதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் விமானம் ஏறிச் சென்னைக்குப் போய், திங்கட்கிழமை காலை பள்ளிக்குத் திரும்பி வருவது போல உங்கள் உடல் அவதிப்படுகிறது, அதுவும் விமானச் சீட்டு இல்லாமல்! ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோன்பெர்க் இதைத்தான் 'சமூக நேர மயக்கம்' என்ற பொருளில் குறிப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு தூக்கம் வராததும், திங்கட்கிழமை முதல் பாடத்தில் ஒன்றும் ஏறாததும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது புரியும். ஞாயிறு எழும் நேரத்தை மட்டும் 7.30-க்கு இழுத்து, எழுந்ததும் பத்து நிமிடம் வெளியே வெயிலில் நின்று பாருங்கள். அடுத்த வாரம் திங்கட்கிழமை இடைவேளை எண் மாறுகிறதா என்பதைக் குறிப்பேட்டில் நீங்களே பார்க்கலாம்.

உங்கள் சொந்தக் கடிகாரத்தின் நேரம் உண்மையில் என்ன என்று தெரிய வேண்டுமானால், பள்ளி விடுமுறைதான் நல்ல சமயம். முதல் நான்கைந்து நாள் எண்களை எழுதினாலும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த நாள்களில் உடல் பழைய தூக்கக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு எழுப்பும் மணி வைக்காமல், இரவில் கைப்பேசியை வரவேற்பறையில் விட்டுவிட்டு, தானாகத் தூக்கம் வரும் நேரத்தையும் தானாக விழிக்கும் நேரத்தையும் ஒரு வாரம் குறியுங்கள். உங்கள் வகுப்பில் ஐந்து பேர் இதைச் செய்து ஒப்பிட்டால் ஐந்து விதமான நேரம் வரலாம். அடிக்கோலை மறக்காதீர்கள்.